ஆறு களாச்செடிகள் குறித்து

சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டு முன் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் நர்சரி அம்மா, கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் அடுக்கி வைத்தபடி. அவருக்கு நேர் எதிரே, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு, முக்காலியில் என் மனைவி. மின்விசிறிக்குக் கீழே தரையில் கால் நீட்டி என் மகள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அன்று அவளுக்கு விடுமுறை. நீண்ட சோபாவின் முழு நீளத்திலும் என் மனைவியின் தம்பி. அவன் பஸ் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தே இருப்பதால் ஏழாம் நாள் உட்காருவதில்லை என்பது அவன் கொள்கை. நான் வழக்கம்போல என் மேசையின் முன்.

ஆறாவதாக ஒருவர் கம்பிவேலிக்கு அப்பால் இருந்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அந்த நேரத்தில் அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நர்சரி அம்மா வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். வெயிலைப் பற்றி என் மனைவி கேட்டதற்குப் பதில் சொன்னார். பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இது உங்களுக்கும் வந்திருக்கும் சார்."

வந்திருந்தது. தோட்டக்கலை அலுவலகத்தின் கடிதம். அவருக்கு அசல், எனக்கு நகல். பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் நாற்று கொடுக்கத் தகுதியான நர்சரிகளின் பட்டியல் ஒன்று அந்த அலுவலகத்தில் உண்டு. காய்க்காத களாச்செடிகளை விற்றதாக எழுந்த புகாரின்பேரில் இந்த அம்மாவின் நர்சரி அதிலிருந்து நீக்கப்பட இருப்பதாகவும், புகார் செய்தவர் மாற்றுக் கருத்து எதையும் இருபதாம் தேதிக்குள் பதிவுத் தபாலில் எழுதித் தெரிவிக்காவிட்டால் நீக்கம் உறுதியாகும் என்றும் கடிதம் சொன்னது.

புகார் செய்தவர் நான். அன்று தேதி பதினெட்டு.

"என்ன காகிதம் அது?" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

என் மகள் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா!" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சோபாவில் படுத்திருந்தவன் கொள்கையைக் கைவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

இங்கே சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருப்பவன். வீட்டைச் சுற்றி ஏதாவது பழம் காய்க்கும் புதர்ச்செடி வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. மரம் வைக்க இடமில்லை. அதனால் ஐந்து வருடங்களுக்கு முன், பல் டாக்டர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஓடும் கம்பிவேலியை ஒட்டி, ஆறு களாச்செடிகளை நட்டோம். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மல்பெரி. எல்லாமே இந்த அம்மாவின் நர்சரியில் வாங்கியவை. களாவுக்குச் செடிக்குச் செடி இடைவெளி நான்கடி. நானே சங்கிலி பிடித்து அளந்தேன்.

களாச்செடி முள்ளோடு அடர்த்தியாக வளரும். முதல் வருடம் விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம் அது இஷ்டத்துக்குக் கிளை நீட்டத் தொடங்கியதும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு முளைகள் அடித்து, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் பெரிய கத்திரியால் வெட்டிவிடுவேன். மேல்பக்கம் மேசைபோல. எங்கள் பக்கம் சுவர்போல. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர் படம்கூடப் பிடித்துக்கொண்டு போனார்.

செடி அழகாக இருந்தது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை.

மல்பெரியையும் அதே கத்திரியால்தான் வெட்டினேன். அது வருடத்துக்கு மூன்று தடவை பழுத்துத் தள்ளியது. மகளின் விரல்களும் துவைத்த துணிகளும் ஊதாவாக மாறின. ஆகவே என் முடிவு தெளிவாக இருந்தது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே கத்திரி. ஒன்று காய்க்கிறது, மற்றது காய்க்கவில்லை. பராமரிப்பில் குறையில்லை, செடியில்தான் குறை. இதை மூன்று பத்திகளில், எண்ணிட்டு, தோட்டக்கலை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வராததால் ஒரு நினைவூட்டலும் அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதுவதைப் பாடமாகவே நடத்துவார்கள். பொருள், பார்வை, இணைப்பு என்று எதுவும் விடுபடாமல் எழுதும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது. அந்தக் கடிதங்களில் எந்தக் குறையும் இல்லை என்று அன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சண்ட போட வரல சார்," என்றார் நர்சரி அம்மா. "பட்டியல்ல பேரு போச்சுன்னா பள்ளிக்கூடத்துக்காரங்க யாரும் எங்கிட்ட செடி எடுக்க மாட்டாங்க. என்கூட மூணு பொம்பளைங்க வேலை பாக்கிறாங்க. பதினாறு வருஷமா நான் குடுத்த களா காய்க்கலன்னு ஒருத்தர் சொன்னதில்ல. அதான், செடிய ஒருதடவ கண்ணால பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"பாருங்கம்மா, தாராளமாப் பாருங்க," என்று என் மனைவி எழுந்துவிட்டாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் இணைப்புகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

எல்லோரும் பக்கவாட்டு வாசல் வழியாகத் தோட்டத்துக்கு வந்தோம். நர்சரி அம்மா வேலியின் ஒரு முனையில் நின்று மறுமுனைவரை பார்த்தார். பிறகு பக்கத்தில் போய், மேல்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், மேசையைத் துடைப்பதுபோல.

"யாரு சார் வெட்டுறது?"

"நான்தான்," என்றேன். அந்த நேரத்தில்கூட எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. "நூல் கட்டி வெட்டுறது. ஒரு விரற்கடை ஏற இறங்க இருக்காது."

"சலூன்ல கூட இவ்வளவு ஒழுங்கா வெட்ட மாட்டான்," என்றான் மைத்துனன். "மாமா, எனக்கும் ஒருநாள் ரசமட்டம் வச்சு வெட்டி விடுங்க."

"எத்தன நாளைக்கு ஒருதடவ வெட்டுவீங்க?" என்று கேட்டார் அவர்.

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட ஆவணத்தால் சொல்வது நல்லது என்று தோன்றியது. உள்ளே போய், மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து வெட்டுக் குறிப்பேட்டை எடுத்துவந்தேன். நீல அட்டை போட்ட நோட்டு. மகள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, துவைக்கும் கல்லில் ஏறி உட்கார்ந்து, புரட்டத் தொடங்கினாள்.

"நாலு வருஷம். வருஷத்துக்கு இருபத்திநாலு. மொத்தம் தொண்ணூத்தாறு வாட்டி வெட்டியிருக்கணும். தொண்ணூத்தஞ்சுதான் இருக்கு. ஒண்ண விட்டுட்டீங்களே அப்பா?"

"அது காய்ச்சல்," என்றேன். "எழுதியிருக்கும் பாரு."

அவள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். முந்தைய வருடத்துக்கு முந்தைய வருடம். உரக்கப் படித்தாள், என் எழுத்தை என் குரலிலேயே:

"மார்ச் 1. காய்ச்சல். வெட்டவில்லை. மார்ச் 15. நுனிகளில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாகக் காணப்பட்டது. மாவுப்பூச்சி எனக் கருதி, வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டி, அப்புறப்படுத்தப்பட்டது. குறிப்பு: மணம் இருந்தது."

படித்துவிட்டு நிறுத்தினாள்.

நர்சரி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. என் மனைவி சிரிக்கவில்லை. "மணம் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள், ஒவ்வொரு எழுத்தாக.

"இருந்தது," என்றேன். "மல்லிகை மாதிரி. அதனாலதான் குறிச்சு வச்சேன்."

"எந்த ஊரு மாவுப்பூச்சி மாமா மல்லிகை மாதிரி மணக்குது?" என்றான் மைத்துனன். "சொல்லுங்க, நானும் ரெண்டு வாங்கி பஸ்ல மாட்டி வைக்கிறேன்."

"அது பூ சார்," என்றார் நர்சரி அம்மா, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "மொட்டு. களா நுனிலதான் பூக்கும். நுனி முத்தி, சும்மா நிக்கணும். பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ நுனியவே எடுத்துட்டா அது எங்க போய்ப் பூக்கும், சொல்லுங்க?"

நான் எளிதில் விட்டுக்கொடுப்பவன் அல்ல. "அப்ப மல்பெரி? அதையும்தான் வெட்டுறேன். அது எப்படிக் காய்க்குது?"

"அது ஜாதி வேற சார். மல்பெரிய வெட்ட வெட்டத் துளிர்க்கும். துளிரு வரும்போதே இடுக்குல காயோட வரும். வெட்டலன்னாதான் அது சோம்பேறி ஆயிடும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்க."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்வார்த்தையை வைத்து நான் எல்லைக்கல் நட்டதில்லை. "நீங்க சொல்றதுக்கு நிரூபணம் வேணுமே," என்றேன். "வெட்டாத களாச்செடி ஒண்ணு இதே மண்ணுல இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். இங்க ஆறையும் நான் வெட்டிட்டேன்."

"கெட்டிக்காரருதான்," என்றாள் மனைவி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

நர்சரி அம்மா வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். களாச்செடி வளர்ந்து கம்பிவேலியை முழுக்க மூடியிருந்தது. நான் வெட்ட வெட்ட எங்கள் பக்கம் நெருக்கமாகத் தழைத்து, ஒரு பென்சிலைக்கூடச் செருக முடியாதபடி ஆகியிருந்தது. அப்பால் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

"அந்தப் பக்கம் யாரு வெட்டுவாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல," என்றேன். "கம்பிக்கு அப்பால் போனது அவங்க எல்லை. அடுத்தவங்க நிலத்துக்குள்ள என் கத்திரி போகாது."

முதலில் புரிந்துகொண்டவள் என் மகள். துவைக்கும் கல்லிலிருந்து குதித்து, செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டி, பல் டாக்டர் வீட்டை நோக்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் நர்சரி அம்மா, அவருக்குப் பின்னால் என் மனைவி, மைத்துனன். நான் நோட்டை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாகப் போனேன். சிறிய ஊர்வலம்தான். அதற்கு மேளம் மட்டும்தான் குறை.

பல் டாக்டர் வீட்டில் அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் அறையும் அவருடைய சிகிச்சை அறையின் பின்சுவரும்தான். அந்தச் சந்துக்குள் நாங்கள் யாரும் போனதே இல்லை. போய் நின்றபோது டாக்டர் அங்கேயே இருந்தார். சேலைக்கு மேல் வெள்ளை மேலங்கி, வாயில் முகக்கவசம், பல் பார்க்கும்போது போட்டுக்கொள்கிற மெல்லிய ரப்பர் கையுறை. ஒரு கையில் எவர்சில்வர் கிண்ணம். இன்னொரு கையால் களாப்பழம் பறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க," என்றார், எங்கள் ஐந்து பேரையும் பார்த்துச் சற்றும் அசராமல். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல பல் வலியா?"

வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கம்பியின் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் கிளைகள் புகுந்து, அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்ட தலைமுடிபோலச் சரிந்து கிடந்தன. நூலும் இல்லை, மட்டமும் இல்லை. ஒவ்வொரு நுனியிலும் காய். சில பச்சை, சில ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறம், முற்றியவை கறுத்துப் பளபளத்தன. அவற்றுக்கு நடுவே அங்கங்கே, தாமதமாக வந்த விருந்தாளிகள்போல, வெள்ளைப் பூக்கள். குறிப்பேட்டில் எழுதியிருந்த அதே மணம்.

என் மனைவி ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்தாள். முள் குத்தியது, விடவில்லை. ஒரு கறுத்த பழத்தைப் பறித்து வாயில் போட்டு, கண்ணை இடுக்கி, மென்று, "அஞ்சு வருஷம்," என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்ததாக நான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் இன்னொன்றைப் பறிப்பதைப் பார்த்தேன்.

டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். "உங்க செடிதானே, இந்தப் பக்கமா வந்து காய்க்குது. ரெண்டு வருஷமா நான்தான் ஜாம் போட்டு உங்களுக்கு ஒரு பாட்டில் குடுத்து விடுறேனே!"

அந்த ஜாமை இரண்டு வருடங்களும் சாப்பிட்டிருக்கிறோம். சிவப்பாக, லேசான புளிப்போடு, நன்றாகவே இருக்கும். டாக்டர் அதை வெளியில் எங்கோ வாங்கிய பழத்தில் போடுகிறார் என்று நினைத்திருந்தோம். இரண்டு தடவையும் நான் முறைப்படி நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

"நீங்க எழுதுன லெட்டரக் கூட வச்சிருக்கேன்," என்றார் டாக்டர். "'தங்கள் கைபட்ட பழத்தின் சுவை எங்கள் இல்லத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது.' உங்களுக்குத் தெரிஞ்சுதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன். என்ன பெருந்தன்மைடா, சொந்தச் செடிப் பழத்துக்கு நன்றி சொல்றாருன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்."

மைத்துனன் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். "மாமா," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு, "காய்க்கலன்னு ஒரு லெட்டரு... காய்ச்சது நல்லாருக்குன்னு ஒரு லெட்டரு... ரெண்டுக்கும் நகல் இருக்குமே?"

இருந்தது. ஒரே கோப்பில்.

நர்சரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை இப்போது. அவர் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆறாவது செடிவரை போய்த் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் காலையில் வந்ததிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. "என் செடிதான்," என்றார். "ஆறும் நல்ல ஜாதி."

மணி பதினொன்று ஐம்பது. சனிக்கிழமை அஞ்சலகத்தில் பதிவுத் தபால் இரண்டு மணிவரைதான் வாங்குவார்கள். இன்று போனால் திங்கட்கிழமை, இருபதாம் தேதி, போய்ச் சேரும். திங்கட்கிழமை அனுப்பினால் பயனில்லை.

நாங்கள் திரும்பி வந்து, முன்பு உட்கார்ந்த அதே இடங்களில் உட்கார்ந்தோம். டாக்டரும் கிண்ணத்தோடு கூடவே வந்து, இடமில்லாததால் வாசற்படியில் அமர்ந்து, பழக்காம்புகளைக் கிள்ளத் தொடங்கினார். நான் தாள் எடுத்தேன்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிடுறேன்," என்றேன். "ரெண்டே வரி. போதும்."

நர்சரி அம்மா கைப்பையின் வாரைச் சுருட்டினார், அவிழ்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். வெறுமனே வாபஸ்னு போனா, ஏதோ தனியாப் பேசி முடிச்சுட்டாங்கன்னுதான் நெனப்பாங்க. பேரு பட்டியல்ல இருக்கும். ஆனா பேரு நல்லா இருக்காது."

அது உண்மை. அலுவலகங்கள் எப்படி நினைக்கும் என்பது எனக்கும் தெரியும். காரணம் எழுத வேண்டும். அந்தத் தோட்டக்கலை அலுவலகத்தில் பாதிப் பேர் என்னைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்பவர்கள். வரைபடத்தில் ஒரு கோணல் கோடு வரையாதவர் என்று பெயர் எடுத்தவன் நான். பூவை மாவுப்பூச்சி என்று வெட்டி எறிந்த கதையை அவர்கள் தேநீர் நேரத்தில் ஒரு மாதம் வைத்துக்கொள்வார்கள்.

பேனாவைத் திறந்தேன். இப்படித் தொடங்கினேன்: "மேற்படி செடிகள் தொடர்ந்து வெட்டப்பட்டு வந்தமையால் காய்க்கவில்லை எனத் தற்போது தெரியவருகிறது."

தோளுக்குப் பின்னால் மைத்துனன் வந்து நின்றிருந்தான். "வெட்டப்பட்டு வந்தமையாலா? யாரு வெட்டுனா? செவுரு ஏறிக் குதிச்சு எவனாவது வெட்டிட்டுப் போனானா?"

கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்: "எங்கள் வீட்டில் அடிக்கடி வெட்டியதால்..."

"எங்கள் வீட்டில்னா?" என்றது சமையலறை வாசல். "நானா வெட்டுனேன்? நான் அந்தக் கத்திரியத் தொட்டிருப்பேனா? தொட்டா எண்ணெய் துடைச்சியான்னு கேப்பீங்க."

இரண்டாவது தாளும் போயிற்று. ஒரே காலையில் இரண்டு தாள்களைக் கிழித்தது என் நினைவில் அதுவே முதல்முறை. நர்சரி அம்மா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவசரப்படுத்தவில்லை. அவர் கைகள் மட்டும் கைப்பையின்மேல் காலையில் இருந்ததைவிட இறுக்கமாக இருந்தன. விரல் நகங்களுக்குள் மண். அந்த விரல்களைப் பார்த்தபிறகு மூன்றாவது தாளை எடுத்தேன்.

"பொருள்: ஆறு களாச்செடிகள் குறித்து நான் அளித்த புகார் தவறானது என்பதைத் தெரிவித்தல்.

ஐயா, நான் வாங்கிய ஆறு செடிகளும் நல்ல செடிகள். அவற்றை மாதம் இருமுறை நானே என் கையால் வெட்டினேன். களா கிளை நுனியில் பூக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒருமுறை பூத்தபோது அதை மாவுப்பூச்சி என்று எண்ணி வெட்டி எறிந்தேன். என் கத்திரி எட்டாத, வேலியின் மறுபுறத்தில் இதே செடிகள் கிளைக்குக் கிளை காய்த்துள்ளன. அதை இன்று ஐந்து பேர் முன்னிலையில் நேரில் பார்த்தேன். குறை செடியில் இல்லை, வெட்டியவனிடம். நர்சரியின் பெயர் பட்டியலில் முன்போலவே நீடிக்க வேண்டும்."

உரக்கப் படித்துக் காட்டினேன். டாக்டர் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பழத்துல ஜாம் போட்டு ரெண்டு வருஷமாச் சாப்பிட்டோம்னும் எழுதுங்க," என்றாள் மனைவி.

"அது எதுக்கு?"

"நல்லாருந்துச்சுல்ல? எழுதுங்க."

எழுதினேன். "மேற்படி பழத்தின் சுவை சிறப்பானது என்பதற்கு என் மனைவி சாட்சி." இந்த வரியைக் கேட்டதும்தான் நர்சரி அம்மா கைப்பையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"இணைப்பு?" என்றாள் மகள், என்னைத் தெரிந்தவள்.

நீல நோட்டை வாங்கினேன். மார்ச் மாதப் பக்கத்தை மடித்து, ஸ்கேலை வைத்து அழுத்தி, கிழித்தேன். நூல் தைத்த நோட்டு. எதிர்ப்பக்கமும் ஆடத் தொடங்கியது. ஆடட்டும் என்று விட்டேன். "இணைப்பு: வெட்டுக் குறிப்பேட்டின் ஒரு தாள், அசல்."

"அப்ப இனிமே ஒண்ணாந்தேதி அப்பா என்ன பண்ணுவாரு?" என்று மகள் கேட்டாள். வீட்டில் இது வேடிக்கையான கேள்வி இல்லை. எல்லோரும் சற்று யோசித்தார்கள்.

"களாவ வருஷத்துக்கு ஒருதடவ, பழமெல்லாம் முடிஞ்சப்புறம், லேசா," என்றார் நர்சரி அம்மா. "அதுவரைக்கும் கத்திரி அது பக்கம் போகக் கூடாது. இந்த வருஷ மழையோட பாருங்க, இந்தப் பக்கமும் நுனி விடும். சாருக்குக் கை சும்மா இருக்காதுன்னா, நான் ரெண்டு மல்பெரிக் கன்னு அனுப்பி வைக்கிறேன். கேட்டுக்குப் பக்கத்துல வைங்க. அத எவ்வளவு வேணா வெட்டுங்க சார். அது ஒண்ணும் சொல்லாது."

"எவ்வளவு இடைவெளி விடணும்?" என்றேன்.

"அளந்து சொல்றேன்," என்றார் அவர். எனக்குச் சமமான ஒருவரிடம் பேசுவதுபோல் முதல்முறையாக உணர்ந்தேன்.

என் மனைவி எழுந்து என் மேசைக்கு வந்தாள். சொல்லாமல் கடிதம் அனுப்பியதற்கு இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது அவளிடம். அது நாலு பேர் முன்னால் கேட்கக்கூடியதல்ல. உறையை எடுத்து, முகவரியைச் சரிபார்த்து, என் பக்கம் நகர்த்தினாள். அவள் விரலில் களாப்பாலின் பிசுபிசுப்பும் பழத்தின் சிவப்பும் இருந்தன. உறையின் மூலையில் ஒரு சிவப்புக் கறை விழுந்தது.

"வேற உறை எடுக்கட்டுமா?" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் எடுத்திருப்பேன். "இருக்கட்டும்," என்றேன்.

கடிதத்தை மூன்றாக மடித்தேன். உள்ளே குறிப்பேட்டுத் தாள். பசைக்குப்பியின் மூடி இறுகியிருந்ததால் மைத்துனன் திறந்து கொடுத்தான். உறையின் ஓரத்தில் பசை தடவி, ஸ்கேலால் ஒரு இழு இழுத்து ஒட்டினேன். மணி ஒன்று பத்து.

"ஏறுங்க மாமா," என்றான் அவன், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "என் வண்டியில நடுவுல நிறுத்தம் கிடையாது."

அஞ்சலகத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையை வாங்கி எடை போட்டார். மூலையில் இருந்த கறையைப் பார்த்தார். "மை கொட்டிருச்சா சார்?"

"இல்ல," என்றேன். "பழம். எங்க வீட்டுக் களா."

அவர் தலையாட்டிக்கொண்டே தபால்தலையை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். ரசீதை என் பக்கம் தள்ளிவிட்டு, கடிதத்தைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.